இரு மாறி நேரிய சமன்பாட்டை வரைபடத்தாளில் வரைதல்: கோடு எங்கே பிசகுகிறது?

வரைதாள்:
ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்துக்கு மட்டும் ஓர் இழை. எழுத்துக் குழப்பம் வராமல் இருக்க, கிடை அச்சு மாறியைக் க என்றும் நிலை அச்சு மாறியை ந என்றும் இங்கே எழுதுவோம். தாளில் வழக்கம்போல எக்ஸ், ஒய். புள்ளியை எப்போதும் (க, ந) என்ற வரிசையில் குறிப்போம்.

எடுத்துக்காட்டு: 2க + 3ந = 12. பிள்ளைகள் அட்டவணையில் க = 1, 2, 3 என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். ந = 3.33, 2.67, 2 என்று வருகிறது. முதல் இரண்டையும் தாளில் சரியாக வைக்க முடியாது. மூன்று புள்ளியும் 2 செ.மீ. அகலத்துக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்தச் சிறு துண்டின் மேல் அடிக்கோலை வைத்து 12 செ.மீ. நீளத்துக்குக் கோட்டை இழுக்கிறார்கள். கிடை அச்சை 6-இல் வெட்ட வேண்டிய கோடு 5.8-இலோ 6.2-இலோ வெட்டுகிறது. கணக்கு சரி, படம் தப்பு.

அட்டவணை, வெட்டுத்துண்டு (கோடு அச்சுகளை வெட்டும் இடம்), சாய்வு என்று மூன்று முறைகள் இருக்கின்றன. எதை முதலில் கொடுப்பது? காரணத்தோடு எழுதுங்கள்.

மூன்றாம்புள்ளி:
அட்டவணைதான் முதலில், சார். ஆனால் க-வின் மதிப்பைச் சமன்பாடுதான் சொல்ல வேண்டும். பழக்கத்தை நம்பி எடுக்கக்கூடாது.

ந = (12 − 2க) / 3 என்று மாற்றி எழுதியதும் பகுதியில் 3 தெரிகிறது. 12 ஏற்கெனவே 3-ஆல் வகுபடும். ஆகவே க 3-இன் மடங்காக இருந்தால் ந முழு எண். க = −3, 3, 9 என்று எடுத்தால் (−3, 6), (3, 2), (9, −2). மூன்றும் தாளின் இரண்டு ஓரத்தையும் நடுவையும் பிடித்துவிடுகின்றன.

விலகி இருப்பது ஏன் முக்கியம் என்றால், ஒரு புள்ளி சரியாக இருந்து மற்றது 1 மி.மீ. பிசகினால், அந்தப் பிசகு கோட்டை நீட்ட நீட்ட அதே விகிதத்தில் பெருகும். புள்ளிகளுக்கு இடையே 2 செ.மீ. இருந்து, சரியான புள்ளியிலிருந்து கோடு 10 செ.மீ. போனால், முனையில் பிழை 1 × 10 / 2 = 5 மி.மீ. அளவுத்திட்டம் 1 செ.மீ. = 1 அலகு என்றால் அரை அலகு போச்சு. அதே புள்ளிகள் 10 செ.மீ. தள்ளி இருந்தால் முனையில் பிழை 1 மி.மீ.தான்.

இன்னொன்று: முழு எண் தீர்வு ஒன்று கிடைத்துவிட்டால் அடுத்தது தேட வேண்டியதில்லை. 3க − 5ந = 7 எடுங்கள். ந = (3க − 7) / 5. க-வுக்கு 0, 1, 2, 3 என்று போட்டுப் பார்த்தால் பின்னம்தான் வருகிறது; க = 4-இல் ந = 1. இனி க-வில் 5 கூட்டினால் ந-வில் 3 கூடும். (4, 1), (9, 4). பின்னோக்கிப் போனால் (−1, −2). ந-வின் கெழு (மாறியின் முன் நிற்கும் எண்) அளவுக்கு க நகர்கிறது, க-வின் கெழு அளவுக்கு ந நகர்கிறது. கெழுக்கள் எதிர்க்குறியில் இருந்தால் இரண்டும் ஒரே திசை. ஒரே குறியில் இருந்தால் ஒன்று கூடும், ஒன்று குறையும்; 2க + 3ந = 12-இல் க 3 கூடினால் ந 2 குறைகிறது.

செங்கோணம்:
இவ்வளவு தேடல் எதற்கு? க = 0 போடு, ந = 4. ந = 0 போடு, க = 6. இரண்டு வரியில் (0, 4), (6, 0) கிடைத்துவிட்டன. இரண்டும் அச்சின் மேலேயே இருப்பதால் குறிப்பதிலும் பிழை குறைவு. சரிபார்க்க (3, 2) போதும். நேரம் குறைவான தேர்வில் வெட்டுத்துண்டு முறையை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மூன்றாம்புள்ளி:
கெழுக்கள் மாறிலியை வகுக்கும்போது நீங்கள் சொல்வது சரி. 3க − 5ந = 7-க்கு அதே முறையைப் போட்டால் வெட்டுத்துண்டுகள் 7/3, −7/5. தாளில் 2.33, −1.4. இரண்டுக்கும் இடையே 3 செ.மீ. கூட இல்லை. வரைதாள் சார் சொன்ன அதே நெருக்கடிக்குத் திரும்பிவிடுவோம்.

2க − 3ந = 0-க்கு முறையே உடைகிறது. க = 0 போட்டால் ந = 0, ந = 0 போட்டால் க = 0. இரண்டும் ஆதிப்புள்ளி. ஒரு புள்ளியின் வழியே எத்தனை கோடு வேண்டுமானாலும் போகும். மாறிலி இல்லாத சமன்பாட்டைப் பார்த்ததும் வெட்டுத்துண்டு முறையை விட்டுவிட்டு (−6, −4), (0, 0), (6, 4) என்று போக வேண்டும்.

க = 3 என்று மட்டும் இருந்தாலும் இதே சிக்கல். பிள்ளைகள் கிடை அச்சில் 3-இல் ஒரு புள்ளி வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதை க + 0·ந = 3 என்று எழுத வையுங்கள். ந என்னவாக இருந்தாலும் க 3-தான். (3, −4), (3, 0), (3, 5) என்று அட்டவணை எழுதினால் நிலைக்குத்துக் கோடு தானாக வந்துவிடும்.

யாழ்கணிதம்:
வணக்கம் சேர். எங்கட பக்கம், இலங்கையில், சாதாரண தர வகுப்பில் படித்திறனையும் (நீங்கள் சொல்லும் சாய்வு) வெட்டுத்துண்டையும் வைத்துத்தான் நேர்கோட்டு வரைபைப் பழக்குகிறது. ந = (படித்திறன் × க) + வெட்டுத்துண்டு. 2க + 3ந = 12 என்பது ந = −(2/3)க + 4 ஆகும். நிலை அச்சில் 4-இல் ஆரம்பித்து, வலப்பக்கம் 3 அலகு, கீழே 2 அலகு.

இதில் பிள்ளைகள் விடும் பிழை மூன்று. சமன்பாடு 2க + 3ந = 12 என்று கிடக்கும்போதே, மாற்றி எழுதாமல், படித்திறன் 2 என்று எடுத்துவிடுவார்கள். மறைக் குறியை மேலும் கீழும் இரண்டிலும் போட்டு, இடப்பக்கம் 3, கீழே 2 என்று நகர்வார்கள். −2-ஐ −3-ஆல் வகுத்தால் நேர் எண் வந்துவிடும் என்பது அப்போது நினைவில் இராது. மூன்றாவது, அலகை எண்ணாமல் சின்னக் கட்டத்தை எண்ணுவது. இரண்டு அச்சிலும் அளவிடை வேறாக இருந்தால் இது பெரிய பிழையாகிவிடும்.

வலம் 3, கீழே 2 என்று படி படியாக இறங்காமல் ஒரே தாவலாக வலம் 6, கீழே 4 போகச் சொல்லுங்கோ. சின்னப் படிகளில் ஒவ்வொரு அடையாளத்தின் பிசகும் அடுத்ததில் சேர்ந்துகொள்ளும்.

கோட்டுக்காரன்:
எல்லோரும் “மூன்றாவது புள்ளி கோட்டில் விழுந்தால் சரி” என்று எழுதுகிறீர்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் மிக அதிகமாக நடக்கும் இரண்டு தவறுகளை அந்தச் சோதனை பிடிக்காது.

முதல் தவறு, வரிசை மாற்றம். (−3, 6), (3, 2), (9, −2) என்பதை (6, −3), (2, 3), (−2, 9) என்று குறித்தாலும் மூன்றும் ஒரே நேர்கோட்டில்தான் விழும். வந்திருப்பது 3க + 2ந = 12-இன் கோடு. இரண்டாவது, பக்கம் மாற்றும்போது குறி தவறி ந = (12 + 2க) / 3 என்று எழுதுவது. அதுவும் நேர்கோடுதான், வேறு கோடு. மூன்றாவது புள்ளி எதைப் பிடிக்கும் என்றால், ஒரே ஒரு மதிப்பை மட்டும் தப்பாகக் கணக்கிட்டதை. ந = −2க + 3-இல் க = −2-க்கு 7 வர வேண்டும். −2 × −2-ஐ −4 என்று எடுத்தால் −1 வரும். அப்போது (−2, −1), (0, 3), (2, −1) கூரை மாதிரி நிற்கும், கண்ணுக்கே தெரிந்துவிடும்.

குறிக்கும் முன்பே இதைப் பிடிக்கலாம். க-வைச் சம இடைவெளியில் எடுத்திருந்தால் ந-வும் சம இடைவெளியில் மாற வேண்டும். 7, 3, −1 என்பதில் ஒவ்வொரு முறையும் 4 குறைகிறது, சரி. −1, 3, −1 என்றால் ஏறி இறங்குகிறது, தப்பு. முதற்படிச் சமன்பாடு நேர்கோடாக வருவதற்குக் காரணமே இந்தச் சம மாற்றம்தான். பிரெஞ்சுக் கணிதர் பெர்மா 1630-களில் எழுதி, அவர் இறந்த பிறகு 1679-இல் அச்சேறிய கட்டுரையில், இரு தெரியாத கணியங்கள் கொண்ட முதற்படிச் சமன்பாடு நேர்கோட்டைத் தரும் என்று காட்டியிருக்கிறார். 1637-இல் வடிவக்கணித நூலை வெளியிட்ட இன்னொரு பிரெஞ்சுக் கணிதர் டெகார்ட்டின் பெயரால் நாம் கார்ட்டீசியன் தளம் என்கிறோம்.

மேலே சொன்ன இரண்டு தவறுகளுக்கும் சோதனை ஒன்றுதான். வரைந்து முடித்த கோட்டிலிருந்து, அட்டவணையில் இல்லாத ஒரு புள்ளியைப் படித்து எடுத்து, கேள்வித்தாளில் இருக்கும் மூலச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். மாற்றி எழுதிய வடிவத்தில் போட்டால் பயனில்லை, பழைய தவறே “சரி” என்று சொல்லிவிடும். இங்கே கோடு கிடை அச்சை 6-இல் வெட்டுகிறதா? 2 × 6 + 0 = 12. சரி. வரிசை மாறிய கோடு 4-இல் வெட்டும்; 2 × 4 = 8, 12 இல்லை.

வரைதாள்:
கோட்டுக்காரன் சொன்னது இந்த இழையின் முக்கியமான விஷயம். நேர்கோடு வந்ததாலேயே நமது கோடு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மூலச் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பதை வரைதலின் கடைசிப் படியாகவே எழுதவைக்கப் போகிறேன்.

அடுத்து அளவுத்திட்டம். இதில் யாராவது விரிவாக எழுத முடியுமா?

செல்சியஸ்:
செல்சியஸ், பாரன்ஹீட் கோட்டை எடுத்துக்கொள்கிறேன். ந = 1.8க + 32. க செல்சியஸ், ந பாரன்ஹீட். தெரிந்த புள்ளிகள்: நீர் உறையும் (0, 32), கொதிக்கும் (100, 212), இரண்டு அளவும் ஒன்றாகும் (−40, −40).

தாளைத் தொடுவதற்கு முன் இரண்டு வீச்சையும் எழுதுங்கள். க: −40 முதல் 100 வரை, 140. ந: −40 முதல் 212 வரை, 252. வரைபடத்தாளில் அகலம் 18, உயரம் 24 பெரிய கட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். கிடை அச்சில் 1 செ.மீ. = 10 என்றால் 14 செ.மீ. வேண்டும். நிலை அச்சில் 1 செ.மீ. = 20 என்றால் 13 செ.மீ.க்குள் அடங்கும். 1 செ.மீ. = 10 என்று போட்டால் 25 செ.மீ. வேண்டும், தாளை விட்டு வெளியே போய்விடும். ஆதிப்புள்ளியைத் தாளின் நடுவில் வைக்கும் பழக்கமும் இங்கே உதவாது: நடுவில் வைத்தால் வலப்பக்கம் 9 செ.மீ.தான் மிஞ்சும், 100 ஏறாது. இடமிருந்து 5 கட்டம், கீழிருந்து 3 கட்டம் தள்ளி வையுங்கள்.

அளவுத்திட்டத்துக்கு 1, 2, 5, 10, 20, 50 போன்ற எண்கள்தான் நல்லவை. 1 செ.மீ. = 3 என்று எடுத்தால் ஒரு மி.மீ. 0.3 அலகு. 4 அலகை எங்கே வைப்பது? 13.3 மி.மீ.இல். ஒவ்வொரு புள்ளியும் உத்தேசமாகிவிடும்.

சாய்வைத் தாளில் அடிக்கோலால் அளந்து எழுதக்கூடாது என்பதற்கும் இதே படம் சான்று. சாய்வு 1.8. ஆனால் தாளில் 1 செ.மீ. வலம் போனால் 0.9 செ.மீ.தான் ஏறுகிறது, ஏனெனில் 10 பாகைக்கு 18 பாகை, 18 என்பது 0.9 கட்டம். பார்வைக்கு 45 பாகைக்கும் சற்றுக் குறைவாகவே சாய்ந்திருக்கும். அச்சுகளின் எண்களைப் படித்து வகுத்தால்தான் 1.8 வரும். ஒன்றுக்கொன்று செங்குத்தான கோடுகள் அப்படியே தெரிய வேண்டிய கணக்கு என்றால் இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுத்திட்டம் கட்டாயம்.

படிக்கும் துல்லியமும் அளவுத்திட்டத்தில் அடங்கியதே. 37 பாகை செல்சியஸில் கோடு 98-க்கும் 100-க்கும் இடையே தெரியும், ஏனெனில் ஒரு மி.மீ. 2 பாகை. 98.6 என்ற உண்மையான விடை இந்தத் தாளிலிருந்து கிடைக்காது.

செங்கோணம்:
அச்சை உடைத்துப் போடுவது பற்றியும் ஒரு வரி. மதிப்புகள் 80-இல் தொடங்கினால் அடியில் நெளிகோடு போட்டு 0-விலிருந்து 80 வரை விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்த படத்தில் கோடு அச்சைத் தொடும் இடம் வெட்டுத்துண்டு ஆகாது. வெட்டுத்துண்டு கேட்டிருந்தால் அச்சை உடைக்காதீர்கள்.

கூர்பென்சில்:
கை வேலை பற்றி யாரும் எழுதவில்லை. கூர்மையான பென்சில். மொட்டை முனையால் இழுத்த கோடு ஒரு சின்னக் கட்டத்தையே மறைக்கும். புள்ளியைச் சிறு பெருக்கல் குறியாகவோ, சுற்றி வட்டமிட்ட சிறு புள்ளியாகவோ வையுங்கள். கொழுத்த புள்ளி வைத்தால் கோடு அதன் எந்தப் பக்கத்தைத் தொட்டது என்று தெரியாது. அடிக்கோலைப் புள்ளிகளின் மேலேயே வைக்காமல் பென்சில் முனையின் தடிமன் அளவுக்குக் கீழே வைத்து இழுக்க வேண்டும். 15 செ.மீ. அடிக்கோலால் இரண்டு தடவையாக ஒட்டி இழுத்தால் நடுவில் முறிவு விழும். 30 செ.மீ. அடிக்கோல் இருந்தால் ஒரே இழுப்பு.

கோடு கடைசிப் புள்ளியோடு நிற்கக்கூடாது. அதைத் தாண்டிப் போய் இரு முனையிலும் அம்புக்குறி. கோட்டின் மேலேயே சமன்பாடு. வலது மேல் மூலையில் அளவுத்திட்டம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண். அங்கே இருபடி வளைவும் மாறல் படங்களும் வந்தாலும், கை ஒழுங்கு ஒன்பதாம் வகுப்பின் நேர்கோட்டில்தான் பழக வேண்டும்.

முறிவுக்கோடு:
அம்புக்குறி எல்லாக் கணக்குக்கும் பொருந்தாது, கூர்பென்சில். பேனா 10 ரூபாய், நோட்டு 25 ரூபாய், மொத்தம் 200 ரூபாய் என்றால் 10க + 25ந = 200, சுருக்கினால் 2க + 5ந = 40. பேனாவும் நோட்டும் குறை எண்ணிக்கையில் வராது, ஆகவே முதல் கால்பகுதியும் அதன் அச்சுகளும் மட்டும். பாதிப் பேனா வாங்க முடியாது, ஆகவே கோட்டின் மேலுள்ள முழு எண் புள்ளிகள் மட்டும். (20, 0), (15, 2), (10, 4), (5, 6), (0, 8) என ஐந்தே விடைகள். கோட்டை இடைவெளி விட்டு விட்டுப் போடலாம், புள்ளிகளை அழுத்தமாக வைக்க வேண்டும். ஆனால் தண்ணீர், தூரம், நேரம் போன்றவற்றில் இடைப்பட்ட எல்லாப் புள்ளியும் விடைதான், அங்கே முழுக்கோடு.

வரைதாள்:
இனி சோடிச் சமன்பாடுகள். வெட்டுமிடத்தைப் படிப்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

கோட்டுக்காரன்:
நல்ல கோணத்தில் வெட்டும் சோடியில் சிக்கல் இல்லை. க + ந = 5, 2க − ந = 4 இரண்டும் (3, 2)-இல் தெளிவாக வெட்டும். ஆபத்து, ஏறக்குறைய இணையாக ஓடும் சோடியில்.

2க + 3ந = 12, 3க + 4ந = 17. இவையும் (3, 2)-இல்தான் வெட்டுகின்றன. சாய்வுகள் −2/3, −3/4, வித்தியாசம் 1/12. தாளில் இரண்டுக்கும் இடைக்கோணம் 3 பாகைக்குச் சற்று மேல். ஒரு கோடு அரை மி.மீ. மேலேறினால் வெட்டும் புள்ளி பக்கவாட்டில் 0.5 × 12 = 6 மி.மீ. நகரும். 1 செ.மீ. = 1 அலகு என்றால் 3-க்குப் பதில் 2.4 அல்லது 3.6 என்று படிப்பார்கள். மொட்டைப் பென்சில் என்றால் இரண்டு கோடும் ஒன்றாகிக் கிடக்கும் கறுப்புப் பட்டையே 1 செ.மீ.க்கு மேல் இருக்கும். 2 செ.மீ. = 1 அலகு என்று பெரிதாக்கினால் அதே 6 மி.மீ. 0.3 அலகாகச் சுருங்கும், தீராது, பாதியாகும். மற்றபடி நீக்கல் முறையில் தீர்த்து ஒப்பிடுவதுதான் வழி.

பின்ன விடையும் அப்படித்தான். க + 2ந = 4, க − ந = 0 என்ற சோடியின் விடை 4/3, 4/3. தாளில் 1.3 என்றுதான் படிக்க முடியும். போட்டுப் பார்த்தால் 1.3 + 2.6 = 3.9. நாலு வரவில்லை என்றதும் படம் தப்பு என்று அழித்துவிடுகிறார்கள். படம் சரிதான், மி.மீ. கட்டத்தின் எல்லை அது.

இணையா, பொருந்துமா என்பதைக் கண்ணால் தீர்மானிக்க வேண்டாம். க + 2ந = 4-உம் 2க + 4ந = 12-உம்: கெழு விகிதங்கள் 1/2, 1/2; மாறிலி விகிதம் 1/3. இணை, தீர்வில்லை. க + 2ந = 4-உம் 3க + 6ந = 12-உம்: மூன்று விகிதமும் 1/3. ஒன்றன் மீது ஒன்று பொருந்தும், எண்ணற்ற தீர்வு. வரைவதற்கு முன் இந்த ஒரு வரியை எழுதிவிட்டால் படத்தில் எதை எதிர்பார்ப்பது என்று தெரிந்துவிடும்.

யாழ்கணிதம்:
கணினி இருந்தால் ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருளில் 2x + 3y = 12 என்ற சமன்பாட்டை அப்படியே தட்டினால் கோடு வரும், மாற்றி எழுதவும் தேவையில்லை. கையால் கீறிய பிறகு ஒப்பிடக் கொடுங்கோ. அச்சைப் பிடித்து இழுத்தால் இரண்டு அளவிடையின் விகிதம் மாறிவிடும்; செல்சியஸ் சொன்ன சாய்வு மயக்கம் திரையிலும் உண்டு.

ஒரு சமன்பாடு பற்றிக் கேட்க வேண்டும். 4க − 6ந = 9-க்கு முழு எண் புள்ளி ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டே போகலாமா?

மூன்றாம்புள்ளி:
போக வேண்டாம், கிடைக்கவே கிடைக்காது. க, ந முழு எண்களானால் 4க − 6ந எப்போதும் இரட்டை எண். 9 ஒற்றை எண். கெழுக்களின் மீப்பெரு பொது வகுத்தி மாறிலியை வகுக்காவிட்டால் முழு எண் தீர்வே இல்லை. இதை முதலில் பார்த்துவிட்டால் வீண் தேடல் மிச்சம்.

அப்போது அரை அலகுக்கு இறங்குங்கள். ந = (4க − 9) / 6. க = 0 என்றால் ந = −1.5. இங்கிருந்து க 3 கூடினால் ந 2 கூடும்: (3, 0.5), (6, 2.5). பின்னால் (−3, −3.5). அரை அலகு 5 மி.மீ.; வரைபடத்தாளில் பெரிய கட்டத்தின் நடுக்கோடு அது, குறிப்பதில் பிசகு வராது. (−3, −3.5), (0, −1.5), (6, 2.5) வழியே கோடு இழுத்துவிட்டு, கிடை அச்சை வெட்டும் இடத்தைப் படியுங்கள். 2-ஐத் தாண்டி இரண்டாவது, மூன்றாவது மி.மீ. கோட்டுக்கு நடுவே, 2.25-இல் விழ வேண்டும்: 4 × 2.25 = 9.